கால்புள்ளியின் வெளிச்சக் கூவி

அச்சகத்தில் அவருக்குக் கால்புள்ளி என்று பெயர். பிழை திருத்துவது வேலை. ஒரு சமயம் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை ஒரேயொரு கால்புள்ளிக்காக நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கால்புள்ளிதான். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. முற்றுப்புள்ளி என்று வைத்திருந்தால்தான் சங்கடம் என்பார்.

வருத்தமெல்லாம் அவர் மனைவிக்குத்தான். கணவரின் கண்ணுக்கு விடுமுறையே இல்லை. பால் பாக்கெட்டில் ஒற்று மிகுந்திருக்கிறது என்பார். இருமல் மருந்தைக் குடிப்பதற்கு முன் அதன் லேபிளைத் திருத்துவார். கல்யாணத்துக்குப் போனால் மணமக்களை வாழ்த்திவிட்டு, வாசலில் வைத்திருக்கும் பலகையில் மணமகளின் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி விட்டுப்போனதை மணமகளின் அப்பாவிடமே சொல்லிவிட்டு வருவார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் நாளெல்லாம் நின்று கால் கடுக்க வீட்டுக்கு வருபவளிடம், ஆஸ்பத்திரி அட்டையில் 'சிகிச்சை' என்ற சொல்லை எப்படி அச்சடித்திருக்கிறார்கள் என்று பேச்சை ஆரம்பித்தால் அவள்தான் என்ன செய்வாள்?

இதற்கு மேல் வெண்ணெய்ச் சண்டை வேறு. வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைக்கும் வெண்ணெய் எப்போது பார்த்தாலும் குழைந்து கிடக்கும். நீங்கள் கதவை ஒழுங்காக மூடுவதில்லை என்பாள் மனைவி. மூடினேன் என்பார் அவர். மூடினால் வெண்ணெய் ஏன் இளகுகிறது என்பாள். அதை வெண்ணெயிடம் கேள் என்பார். கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களுக்குச் சண்டை போட விஷயம் தேட வேண்டியதில்லை. இவர்களுக்கு அது மேல்தட்டிலேயே இருந்தது.

ஒரு சனிக்கிழமை டியூட்டி முடிந்து வரும்போது மனைவி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பொம்மைக் கடையில் வாங்கியது. மேலே 'உங்கள் முதல் மின்னணுத் திட்டம்: வெளிச்சக் கூவி' என்று போட்டிருந்தது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றும் போட்டிருந்தது.

"இதுல எழுத்து கம்மி, கை வேலைதான் ஜாஸ்தி. லீவு நாள்ல இத வெச்சுக்கிட்டு உக்காருங்க. என்னை விட்டுடுங்க," என்றாள்.

எழுத்து கம்மி என்று அவள் நினைத்தது பெரிய தப்பு. பெட்டிக்குள் ஒரு செய்முறைப் புத்தகம் இருந்தது. எந்த ஊர்க்காரன் எந்த மொழியில் எழுதி எந்த இயந்திரம் தமிழாக்கியதோ தெரியவில்லை. முதல் வரியே, 'வாழ்த்துக்கள்! நீங்கள் இப்போது மின்னணு ஆகிவிட்டீர்கள்' என்றது. கால்புள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துச் சாவகாசமாக மூடியைக் கழற்றினார். முதலில் 'வாழ்த்துக்கள்' என்பதில் இருந்த க் என்னும் எழுத்தை அடித்தார்.

அந்த வார விடுமுறையும் அடுத்ததும் புத்தகத்தைத் திருத்துவதிலேயே கழிந்தன. 'நீண்ட காலுடையவர் நேர்மறையானவர்' என்று இருந்தது. உதிரிப் பாகத்தின் நீளமான கம்பியை பேட்டரியின் கூட்டல் பக்கம் இணைக்க வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பிற்பகல் பிடித்தது. 'இரும்பைத் தனியே விட்டுப் போகாதீர், அவர் கடிப்பார்' என்று ஓரிடத்தில் இருந்தது. இரும்பு என்பது ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சாலிடர் கோல். பெட்டியிலேயே ஒன்று இருந்தது, பேனாவைப் போல. சூடு வைத்துவிடும் என்பதைக் கடிக்கும் என்று எழுதியிருந்தார்கள். கால்புள்ளி ஓரத்தில் 'அஃறிணை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

பொறுத்துப் பார்த்த மனைவி, இதை நான் செய்வதற்கு வாங்கினேனா, திருத்துவதற்கு வாங்கினேனா என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் ஜன்னலோரச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துப் பாகங்களைக் கொட்டினார்.

மொத்தமும் ஒரு கைப்பிடி கூட இல்லை. தலையில் வளைந்து வளைந்து கோடு போட்ட ஒரு குட்டி வில்லை. வெளிச்சத்தை உணர்வது அதுதான். வெளிச்சம் பட்டால் அது மின்சாரத்துக்கு வழிவிடும், இருட்டில் வழிமறிக்கும். மூன்று கால் வைத்த ஒரு டிரான்சிஸ்டர். மின்சாரத்தை அளவாக விடும் இரண்டு ரெசிஸ்டர்கள், எவ்வளவு என்பதைச் சொல்ல உடம்பெல்லாம் வண்ணப் பட்டை. வட்டமான கறுப்புக் கூவி. ஓட்டைகள் போட்ட ஒரு பலகை, ஒரு பேட்டரி, கம்பிகள். இவ்வளவுதான். செய்து முடித்து ஒரு பெட்டிக்குள் வைத்தால், திறக்கும்போது கூவும், மூடினால் வாயை மூடிக்கொள்ளும்.

வண்ணப் பட்டைகளை அவருக்கு உடனே பிடித்துவிட்டது. எழுத்தே இல்லாத எழுத்து. பிழை விட வழியில்லை என்றார். ஆனால் உருளையாக இருக்கும் ஒன்றுக்கு இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்ற கேள்வி வந்தது. 'தங்கம் உள்ளவர் வலத்தில் நிற்பார்' என்று தங்க நிறப் பட்டையைப் பற்றிப் புத்தகம் சொன்னது. அந்த ஒரு வரியை மட்டும் அவர் திருத்தவில்லை. நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

டிரான்சிஸ்டர் முதல் நாளே மேசையிலிருந்து குதித்துக் காணாமல் போனது. குனிந்து, தவழ்ந்து, படுத்து, டார்ச் அடித்துத் தேடினார். கடைசியில் அதை மனைவி கண்டுபிடித்தாள், வெறுங்காலால். அவள் கத்தவில்லை. பாதத்திலிருந்து அதைப் பிடுங்கி, பஞ்சால் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டு, காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

சாலிடர் பற்றவைத்த அன்று நடந்ததுதான் பெரிய கூத்து. மனைவி பகல் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறக்கிறாள். கணவர் மேசைமேல் கவிழ்ந்திருக்கிறார். கையில் சாலிடர் கோல், முகம் தக்காளிப் பழம் மாதிரி, நெற்றியில் நரம்பு புடைத்திருக்கிறது, கண் பிதுங்குகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நெஞ்சு வலிக்குதா என்றாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். மூச்சு விட முடியலையா என்றாள். ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, அது முடியாதது அல்ல கூடாதது என்பதை எப்படி ஜாடையில் சொல்வது என்று தெரியாமல் இடது கையால் புத்தகத்தைக் காட்டினார்.

அதில் இருந்தது: 'சாலிடர் உருகும்போது மூச்சு விடக் கூடாது.'

ஈயம் ஆறியதும் அவர் தடாலென்று மூச்சை விட்டார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் புகையை உள்ளே இழுக்க வேண்டாம் என்பதைத்தான் அப்படி எழுதியிருப்பார்கள் என்று பொறுமையாக விளக்கினாள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மனுஷனைப் போல மூச்சு விடச் சொன்னாள். ஊரெல்லாம் பிழை பார்ப்பவருக்கு உயிர் போகிற இடத்தில் பிழை தெரியவில்லையே என்றும் கேட்டாள். வாக்கியத்தில் பிழை இல்லை என்றார் அவர். உண்மைதான், இலக்கணம் சரியாகவே இருந்தது.

எல்லாம் பற்றவைத்து முடித்து பேட்டரியை மாட்டியபோது ஒரு சத்தமும் வரவில்லை. ஜன்னலுக்கு நேராகக் காட்டினார், விளக்கடியில் காட்டினார், தட்டினார், கெஞ்சினார். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்கட்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அவர் பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். முகம் அவரைத்தான் பார்த்தது, ஆனால் தப்பான பக்கத்திலிருந்து. ஈயத்தை மறுபடி உருக்கி, மூன்று காலையும் பிடுங்கி, திருப்பி வைத்துப் பற்றவைத்தார். இந்த முறை மூச்சு விட்டபடி.

பேட்டரியை மாட்டினார். கூவி வீறிட்டது.

கையால் மூடினார், நின்றது. கையை எடுத்தார், கூவியது. மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார், அமைதி. திறந்தார், வீறிட்டது. அச்சகத்தில் எத்தனையோ புத்தகங்கள் அவர் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை. இருந்த ஒன்றைத் திருத்தியிருக்கிறாரே தவிர, இல்லாத ஒன்றை உண்டாக்கியதில்லை. இழுப்பறையைத் திறந்து மூடி, திறந்து மூடி, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இதை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் என்ன? கதவு திறந்திருக்கும்வரை கூவும். யார் மூடாமல் போகிறார் என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். வெண்ணெய் வழக்கில் தன் நிரபராதித்தனம் நிரூபணமாகும்.

மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார். கதவைத் திறந்து வெண்ணெய்க்குப் பக்கத்தில் கூவியை வைத்தார். கூவியது. கதவை மூடினார். உள்ளேயிருந்து மெல்லியதாக, ஆனால் தெளிவாக, கூவிக்கொண்டேயிருந்தது. நன்றாக அழுத்தி மூடினார். முதுகைக் கொடுத்துத் தள்ளினார். நிற்கவில்லை.

"உங்க மெஷினும் உங்கள மாதிரியே. மூடினாலும் மூடலைங்குது," என்றாள் மனைவி.

அவர் அதை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். இழுப்பறையில் அமைதி. பெட்டிக்குள் அமைதி. துணி அலமாரியில் வைத்தார், அமைதி. ஆனால் வெளியிலிருந்து கேட்பதால் சந்தேகம் வந்து, அலமாரிக்குள் தானே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயும் அமைதிதான். சேலை எடுக்க வந்த மனைவி கதவைத் திறந்ததும் கூவியும் கூவியது, மனைவியும் கூவினாள்.

மறுநாள் அவளுடைய தம்பி வந்தான். வீட்டு உபயோகப் பொருள் கடையில் விற்பனையாளன். எந்தப் பொருளைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசக்கூடியவன். அந்த ஃபிரிட்ஜை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தன் சொந்தப் பிள்ளையைச் சொன்னதைப் போல முகம் சிவப்பான். நடந்ததைக் கேட்டுவிட்டு, கூவியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். கையால் செய்த எலக்ட்ரானிக் சாமானுக்குக் குளிர் ஆகாது, உள்ளே போனதும் கிறுக்குப் பிடித்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னான்.

கால்புள்ளி யோசித்தார். குளிர்தான் காரணம் என்றால் இருட்டான குளிரிலும் கூவ வேண்டும். உள்ளே போய்த் தன்னுடைய கனத்த கறுப்புக் காலுறை ஒன்றை எடுத்துவந்து, கூவியை அதற்குள் போட்டு, மடித்து, ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

சாப்பிடும் இடத்தில் காலுறையா என்று மனைவி பதறினாள். துவைத்ததுதான் என்றார். மூவரும் கதவருகே காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். சத்தமே இல்லை. நன்றாகக் குளிரட்டும் என்று காத்திருந்தார்கள். அப்போதும் இல்லை. கதவைத் திறந்து, காலுறையை உருவிவிட்டு, மறுபடி மூடினார். உள்ளேயிருந்து கூவல்.

"அப்ப குளிர் இல்ல மாப்ளே. உள்ள வெளிச்சம் இருக்கு," என்றார் கால்புள்ளி.

"மாமா, கதவ மூடினா உள்ள லைட்டு அணைஞ்சிரும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"தெரியும்னா, உள்ள உக்காந்து பாத்தது யாரு?"

மைத்துனன் வாயைத் திறந்தான். விற்பனைக்காகச் சொல்லிவந்த எத்தனையோ விஷயங்களில், தானே கண்ணால் பார்க்காதது இது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவன் அக்கா தன் கைபேசியை எடுத்தாள். படம் பிடிக்கும்படி வைத்து, தயிர்ப் பாத்திரத்தின்மேல் சாய்த்து நிறுத்தி, கதவை மூடினாள்.

பிறகு மூன்று தலைகள் அந்தச் சின்னத் திரைமேல் குவிந்தன. படத்தில் அக்காவின் கை வந்தது. கதவு நெருங்கியது. மூடியது. அதற்குப் பிறகும் முட்டை தெரிந்தது, கேரட் தெரிந்தது, மேல்தட்டில் குண்டு பல்பு சூரியனைப் போல எரிந்துகொண்டிருக்க, அதற்கு நேர் கீழே வெண்ணெய் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மைத்துனன் கதவைத் திறந்து, உள்விளிம்பில் இருந்த ஒரு பொத்தானை விரலால் அழுத்தினான். பல்பு அணைந்தது. விட்டான், எரிந்தது. கதவு மூடும்போது இந்தப் பொத்தானை அழுத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் முனை கதவில் இருக்க வேண்டும். அந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் விற்பனை குறைந்துகொண்டே போவது தெரிந்தது.

"அக்கா, இத எறக்கின அன்னிக்குக் கதவு செவுத்துல இடிக்குதுன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றாள். இந்தப் பக்கம் திறந்த கதவை அந்தப் பக்கம் திறப்பதாக மாற்ற மெக்கானிக் வர நாளாகும் என்று சொல்லி, அவனே கழற்றி மாற்றிக் கொடுத்தான். அன்று அவனுக்கு ஸ்பெஷலாகச் சமைத்துப் போட்டதும் ஞாபகம் இருக்கிறது என்றாள்.

"அப்ப ஒரு சின்னத் துண்டு மிச்சமாச்சு. எக்ஸ்ட்ராவா குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்."

நர்ஸ்கள் பொதுவாகப் பொறுமைசாலிகள். அவள் சமையலறை நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தி, உட்காரச் சொன்னாள். அவன் உட்காராமல் வாசலைப் பார்த்து நகர்ந்தான். கடையில் கேட்டு அந்தத் துண்டை வாங்கிவருவதாகச் சொன்னது படிக்கட்டிலிருந்து கேட்டது.

சொன்னபடி வாங்கிவந்து, பொருத்தியும் விட்டான். விரல் நகத்தளவுகூட இல்லாத பொருள். அதன்பிறகு கதவை மூடினால் கூவி சட்டென்று நின்றது. மனைவி பலமுறை திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு கதவில் கையை ஊன்றியபடி, கணவரைப் பார்க்காமல் வெண்ணெயைப் பார்த்துச் சொன்னாள்.

"இவ்ளோ நாளும் நீங்க மூடிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

கால்புள்ளிக்கு அந்த நேரத்தில் சொல்ல நிறைய இருந்தது. வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பதில்கள், ஒவ்வொன்றும் பிழை பார்த்துத் தயாராக இருந்தவை. அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

இதற்குப் பிறகு நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் மனைவி அதே பொம்மைக் கடையிலிருந்து இன்னொரு பெட்டி வாங்கிவந்தாள். 'மழைக் கூவி'. செப்புக் கோடுகள் போட்ட ஒரு தகட்டில் தண்ணீர் விழுந்தால் கூவும். துணி காய்கிறபோது மழை வந்தால் தெரியும். அவர் ஆவலோடு கையை நீட்டினார். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நோயாளிகளின் மெல்லிய நரம்பைத் தேடி ஊசி போடும் கை அது. ஈயம் அவள் சொன்னபடி கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கால் அப்படி, இந்தக் கால் இப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தவரை, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க என்றாள். ஒரே மூச்சில் என்று சொல்லலாம், முடித்துவிட்டாள். தகட்டை பால்கனிக் கம்பியில், தன் வெள்ளை யூனிஃபார்ம்களுக்கு நடுவில் கட்டினாள்.

சிறிது நேரத்தில் அது கூவியது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெயில் கொளுத்தியது.

கால்புள்ளி தொண்டையைச் செருமினார். பற்றவைத்ததில் எங்காவது ஒரு இடத்தில், என்று ஆரம்பித்தார். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேச்சை நிறுத்தி, பால்கனிக்குப் போய், கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மண் நிறம். மேல்வீட்டு வக்கீல் தன் பால்கனிப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

யூனிஃபார்மில் எப்படித் துவைத்தாலும் பழுப்புப் புள்ளி வருகிறது என்று அவள் சோப்பை மாற்றிக்கொண்டேயிருந்தாள். இப்போது தகட்டை அவிழ்த்து, ஈரம் சொட்டச் சொட்ட, கூவிக்கொண்டிருந்த கருவியையும் கையில் பிடித்தபடி செருப்புகூடப் போடாமல் மாடிப்படி ஏறினாள்.

கால்புள்ளி கீழே நின்று கேட்டார். கூவல் மேலே போவது கேட்டது. கதவு தட்டும் சத்தம். வக்கீலின் கனத்த குரல், இந்தப் பக்கம் தண்ணீரே ஊற்றுவதில்லை என்று வாதாடியது. கூவல் இன்னும் கொஞ்சம் கிட்டே போனது போலிருந்தது. வக்கீலின் குரல் இறங்கியது. பிறகு மூன்று பேர் பேசுவது கேட்டது. வக்கீலின் மனைவியும் சேர்ந்துவிட்டாள், அவள் எந்தக் கட்சி என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. அப்புறம் கூவல் நின்றுபோனது. யாரோ துடைத்திருக்க வேண்டும்.

வெகுநேரம் கழித்து மனைவி இறங்கிவந்தாள்.

"தொட்டிய எல்லாம் உள்பக்கம் நகத்திட்டாங்க. அவங்க வீட்டம்மாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். அவர் எப்ப தண்ணி ஊத்துறார்னு தெரியணுமாம்."

சொல்லிக்கொண்டே சாலிடர் கோலை பிளக்கில் செருகினாள். கால்புள்ளி எழுந்து ஜன்னலைத் திறந்தார். நாற்காலியைத் தள்ளிப் போட்டு, வெளிச்சம் மேசையில் முழுதாக விழும்படி உட்கார்ந்துகொண்டார்.